கை தூக்கி முடிவு செய்த துக்கம்

என் மாமா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு சனிக்கிழமை மாலை, கை தூக்கி முடிவு செய்யப்பட்டது.

காலையிலிருந்து அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே மகன் வீடு வாங்கியிருக்கும் அடுக்குமாடியில், வாசல் கேட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடலாமா என்று வாட்ஸாப் குழுவில் ஓட்டெடுப்பு நடக்கிறது. மொத்தம் அறுபத்து நான்கு வீடுகள். இதுவரை நாற்பத்தொரு பேர் வாக்களித்திருக்கிறார்கள். மற்ற இருபத்து மூன்று பேர் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. "விடுங்கப்பா, தொங்கினா என்ன, தொங்காட்டி என்ன" என்று மகன் போனை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். ஓட்டெடுப்பு எவ்வளவு தூரம் போகும் என்று அவனுக்குத் தெரியாது. நான் அதில் வளர்ந்தவன்.

எங்கள் சபை பிரஸ்பிடேரியன் சபை. ஆவடியில் அப்போது எங்களுக்குப் பதினான்கு குடும்பங்கள். பெரும்பாலும் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை செய்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகைதான் ஆலயம். மற்ற சபைகளில் பேராயர் என்று ஒருவர் இருப்பார், அவர் சொன்னால் சொன்னதுதான். எங்களுக்கு அப்படி யாரும் கிடையாது. நான்கு மூப்பர்களும் போதகரும் கூடி உட்கார்ந்து எதையும் தீர்மானமாகக் கொண்டுவருவார்கள், வழிமொழிவார்கள், கை தூக்குவார்கள். சரிசமமாக வந்தால் போதகர் கை தூக்குவார். ஆராதனைக்கு முன் தேநீரா பின் தேநீரா என்பதற்கும் கைதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களில் வரும் அட்வெந்து ஞாயிறுகளில் சவுக்குக் கிளைகளுக்கு நடுவே நான்கு மெழுகுவர்த்தி வைத்து வாரம் ஒன்றாக ஏற்றுவது கத்தோலிக்கர் வழக்கமா நம் வழக்கமா என்று இரண்டு கூட்டம் நடந்து, கடைசியில் மெழுகுவர்த்தி ஜெயித்தது.

அப்பா மூப்பர்களில் ஒருவர். அதனால் கூட்டம் எங்கள் வீட்டில்தான் நடக்கும். அம்மா உள்ளே தேநீர் போடுவாள். அக்கா பாடப் புத்தகத்தோடு பின்வாசலுக்குப் போய்விடுவாள். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று கைகளை எண்ணுவேன். எனக்கு எட்டு வயது.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, இரண்டு வருடமாக எங்களோடு இருந்தாள். மாமா பம்பாயில் வேலை கிடைத்துப் போனவர், வீடு பார்த்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அத்தையை எங்களிடம் விட்டுப் போயிருந்தார். முதலில் மாதாமாதம் கடிதம் வந்தது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிறகு தபால்காரர் எங்கள் வரிசையில் சைக்கிளை மிதித்துக்கொண்டே போகத் தொடங்கினார். ஆலயத்தில் அத்தை கடைசிப் பெஞ்சில் உட்காருவாள். அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தில் நான் கால் நீட்டி உட்காருவேன்.

டிசம்பர் பிறந்தால் குவார்ட்டர்ஸில் கிறிஸ்தவர் வீடு எது என்று தூரத்திலிருந்தே தெரியும். மூங்கில் தப்பையில் கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே பல்பு வைத்த நட்சத்திரம் வாசலில் தொங்கும். அந்த வருடத்தில் சாவு விழுந்த வீட்டில் மட்டும் தொங்காது. அங்கே பலகாரமும் சுடமாட்டார்கள், மற்றவர்கள் கொடுத்தனுப்புவார்கள். வீடு வீடாகக் கேரல் பாட்டுப் பாடுகிறவர்கள் அந்த வாசலுக்கும் வருவார்கள், ஆனால் டோலக் அடிக்காமல் ஒரு பாட்டை மெதுவாகப் பாடி, ஜெபம் செய்து, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார்கள்.

முதல் அட்வெந்து ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை. நானும் அத்தையும் பின்வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தோம். ஐந்து முனையில் மூன்றுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. உள்ளே கூட்டம். அன்று என்னவோ அப்பா தானே எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். சாதாரணமாகச் சாத்தமாட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையில் பசையோடு திரைக்குப் பின்னால் போய் நின்றேன். பேச்சு கிட்டத்தட்ட முடிந்திருந்தது.

"வாழாவெட்டின்னு ஊர் சொல்றதுக்கு இது எவ்வளவோ மேல். நாம யாரும் பொய் சொல்லப்போறதில்ல. ஸ்டார் கட்டல, அவ்வளவுதான். மத்தவங்க புரிஞ்சிக்கிறதப் புரிஞ்சிக்கட்டும்" என்றார் அப்பா.

தீர்மானம், எங்கள் வீட்டை இந்த வருடம் துக்க வீடாகக் கொள்வது. அப்பா கை தூக்கினார். சபைக் கணக்கு பார்க்கும் மூப்பர் தூக்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். நான்காமவர் எங்கள் டோலக்காரர். குமணன்சாவடியிலேயே பிறந்து வளர்ந்தவர், வார்ப்படப் பிரிவில் வேலை, யாரிடமும் குரலைத் தாழ்த்தமாட்டார்.

"இன்னாண்ணே இது? ஆளு கீறானா பூட்டானான்னு நாம கை தூக்கினா ஆச்சா? நா தூக்கமாட்டேன். எங்கைய வெட்டிப் போட்டாலும் தூக்காது."

இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். பிறகு தோள்பட்டை உயரத்துக்குக் கை தூக்கினார். மாமா இறந்துபோனார்.

தேநீரை அத்தையே தட்டில் எடுத்துக்கொண்டு போனாள். ஐந்து பேருக்கும் கொடுத்தாள். டோலக்காரருக்கு மட்டும், அவர் கேட்காமலே, இன்னொரு தடவை சர்க்கரை போட்டாள்.

பின்வாசலுக்கு ஓடினேன். "அத்தை, நம்ம வீட்டுக்கு ஸ்டார் கிடையாதாம்."

"மிச்சம் ரெண்டு முனையையும் ஒட்டு. பசை காஞ்சிடப் போவுது" என்றாள்.

அடுத்த மூன்று வாரங்களைப் போல நான் தவித்த நாட்கள் குறைவு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வரிசைக்கு எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுவேன். எங்கள் வரிசையில் ஐந்து, எங்கள் வீட்டையும் சேர்த்தால் ஆறு, சேர்க்க முடியாது. கட்டி முடித்த நட்சத்திரம் கட்டிலுக்கு அடியில் பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. முறுக்குக்கு மாவு இடிக்கவில்லை. அம்மா எதையாவது எடுப்பாள், எதற்கு எடுத்தோம் என்று மறந்து அதே இடத்தில் வைப்பாள். அப்பா சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருவார். செத்துப்போனவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் இறக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

பெண்கள் சங்கத்தினர் பிஸ்கட் பொட்டலங்களோடு வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதுவரை உட்காராதவர்கள். "உனக்கு என்னம்மா குறை, கர்த்தர் இருக்காரு" என்று ஒருத்தி அவள் முதுகைத் தடவினாள். அத்தை, "ஆமா, அவரு எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கினாள். இரண்டாம் மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாயிறன்று அவளுக்கென்று முன்வரிசையில், இரண்டாவது பெஞ்சில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். கையைப் பிடித்துக்கூட அழைத்தார்கள். அத்தை நன்றி சொல்லிவிட்டுக் கடைசிப் பெஞ்சுக்கே வந்து, என் காலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அம்மா எடுத்து வைத்த வெள்ளைச் சேலை மடிப்புக் கலையாமல் பெட்டிக்குத் திரும்பியது.

கேரல் குழு எங்கள் வரிசைக்கு வந்த நாள், மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்டுக்காரர்கள் தூங்க வேண்டும் என்பதால் விளக்கு வைத்ததுமே பாட்டு தொடங்கிவிடும். அப்பா மூப்பர் என்பதால் பாடுகிறவர்களோடு போயிருந்தார். வரிசையின் அந்தக் கோடியில் டோலக் சத்தம் கேட்டதும் அத்தை கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

"ஸ்டூலைப் பிடிச்சிக்க. ஆட்டாத."

நான் ஸ்டூலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். அவள் ஏறி, கம்பியில் நட்சத்திரத்தைக் கட்டி, பல்பு வயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டாள். அக்கா, "அத்தை, அப்பா திட்டுவாரு" என்று முனகிக்கொண்டே இருந்தாள். சுவிட்சைப் போட்டது அம்மா. போட்டுவிட்டு, தான் போடவில்லை என்பதுபோல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர்கள் பக்கத்து வீட்டை முடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்குத் திரும்பியபோது டோலக் ஏற்கெனவே அக்குளில் இடுக்கப்பட்டிருந்தது. எல்லோரும் துக்க முகம் வைத்துக்கொண்டு வந்தார்கள். தலைக்கு மேல் சிவப்பாக எரிவதைப் பார்த்து அப்படியே நின்றார்கள். பெட்ரோமாக்ஸ் தூக்கியவர் பின்னால் போவதா முன்னால் வருவதா என்று தெரியாமல் விளக்கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஸ்டாரு எரியுது. இப்ப இன்னா பண்றது?" என்றார் டோலக்காரர்.

அப்பா நட்சத்திரத்தைப் பார்க்காமல், "மெதுவாப் பாடுங்க" என்றார்.

அத்தை வாசற்படியில் வந்து நின்றாள். "ஏன் மெதுவா? அடிச்சே பாடுங்க."

"அம்மா, துக்க வீட்டுல..." என்று போதகர் ஆரம்பித்தார்.

"யாருக்கு ஐயா துக்கம்? அவரு பம்பாயில நல்லா இருக்காரு. ஆடி மாசம் ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. எங்க அண்ணன் உங்களுக்கெல்லாம் சொன்னாருதானே? சொல்லித்தானே கை தூக்கினீங்க? அந்தப் புள்ளைக்கும் சேத்து ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. பால் பாக்கி இல்லை என்று பால்காரரிடம் சொல்வதுபோல்தான் சொன்னாள். ஆனால் பக்கத்து வீட்டு வாசலிலும் எதிர்வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். யாரோ பாட்டுப் புத்தகத்தை வேகமாகப் புரட்டினார்கள். புரட்டி எந்தப் பாட்டையும் எடுக்கவில்லை.

டோலக்காரர்தான் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போதகர் பக்கம் திரும்பினார். "ஐயரே, நீங்க மொதல்ல ஜெபத்த பண்ணுங்க. அந்தம்மா கேட்டுகினு நிக்குது இல்ல?"

போதகர் ஜெபம் செய்தார். பம்பாயில் இருக்கும் குழந்தை என்று சொல்லும் இடத்தில் சற்றுத் தடுமாறி, பிறகு சொல்லியே விட்டார். அதன்பின் டோலக்காரர் அடித்த அடியில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தாள். குடிக்காமல் போக யாருக்கும் தைரியமில்லை.

அந்த வரிசையிலேயே அன்று சந்தோஷமாக இருந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மாமா சாகவில்லை. நட்சத்திரம் வந்துவிட்டது. முறுக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலே, மாமாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. செய்தியை யாரும் முந்திவிடக் கூடாதே என்று எதிர்வீட்டுக்கு ஓடினேன். அங்கே என் வகுப்புத் தோழன் திண்பண்டத் தட்டோடு நின்றிருந்தான்.

"டேய், எங்க மாமாவுக்குப் பையன் பொறந்திருக்கான். பம்பாயில."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப உங்க அத்தை இங்க இன்னாடா பண்ணுது?"

"ரயில்ல டிக்கெட் கெடைக்கல" என்றேன். அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவனும் ஒப்புக்கொண்டான். இரண்டு பேரும் அந்தக் குழந்தைக்கு இந்தி தெரியுமா என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வீடு திரும்பியபோது சாப்பாடு முடிந்து எல்லோரும் குடும்ப ஜெபத்துக்குப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்துச் சத்தமாக ஜெபம் செய்வோம். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டு, முடிவில் ஒரே குரலில் ஆமென் சொல்ல வேண்டும். அன்றைக்கு என் முறை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மும்முரமாகத் தொடங்கினேன். அரைப் பரீட்சைக்காக ஜெபித்தேன். அக்காவின் இருமலுக்காக ஜெபித்தேன். பிறகு, எனக்கு இதுவரை எட்டு அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் இருந்தார்கள், இப்போது ஒன்பதாகிவிட்டார்கள், அதற்காக உமக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று சொன்னேன். பம்பாய்த் தம்பி நன்றாகப் பால் குடிக்க வேண்டும், சீக்கிரம் நடக்க வேண்டும், அடுத்த கிறிஸ்துமஸுக்கு அத்தையும் மாமாவும் அவனைத் தூக்கிக்கொண்டு இங்கே வர வேண்டும், வரும்போது ரயிலில் ஜன்னலோரம் கிடைக்க வேண்டும், இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் என்று முடித்தேன்.

"ஆமென்" என்றாள் அத்தை.

வேறு குரல் எதுவும் வரவில்லை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் தலையைக் குனிந்தபடியே இருந்தார்கள். எங்கள் ஜெபம் நீண்டால் நடக்கிறதுதான். தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து, அவர்களை எழுப்பிவிடாமல் மெதுவாக எழுந்து, விளக்கை அணைத்தேன்.