அரசாங்கம் பதில் போட்டால் ஐந்து டாலர்

ஒக்தாவ் தன் அண்ணன் மனைவி எல்மீருக்கு இருநூற்றைந்து டாலர் கடன்பட்டிருந்தார். அரசாங்கத்துக்கு அவர் போட்ட கடிதம் நாற்பத்தொன்று. எழுதித் தந்த எல்மீருக்குக் கடிதத்துக்கு ஐந்து டாலர் கூலி. இருபத்தாறு வருஷமாக ஒரு காசு கைமாறவில்லை. கொர்போ பாயு என்கிற சதுப்பு ஓடையின் இரண்டு கரையிலும் இந்தக் கணக்குத் தெரியாதவர் கிடையாது. ஏனென்றால் அதை ஊரெல்லாம் பறைசாற்றியதே ஒக்தாவ்தான்.

"கவர்மென்டுக்கு நாப்பத்தோரு லெட்டர் போட்ட ஆம்பள இந்தத் தண்ணியில வேற எவன் இருக்கான்? கூட்டிட்டு வா, பாப்போம்!" என்று நண்டு எடை போடும் துறையில் நின்று மார்தட்டுவார். அந்த எண்ணில் பெருமைதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கடன் தெரியவில்லை.

மார்தட்டிக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. நம் பூர்வகுடி ஆட்களை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காத காலத்தில் பிறந்தவர். பாதிரிமார் நடத்திய பள்ளியில் மூன்று வருஷம் பெஞ்சு தேய்த்தார், அவ்வளவுதான். ஒன்பது வயதில் தகப்பனோடு நண்டுக் கூண்டு இழுத்தார். பத்தொன்பதில் சைப்ரஸ் மரப் பலகையால் சொந்தப் படகு கட்டினார். புயல் வீட்டைக் கொண்டுபோனது, கட்டினார். மறுபடி கொண்டுபோனது, மறுபடி கட்டினார், இந்தத் தடவை பதினான்கடி உயரத் தூண்களின் மேல். "பேங்குக்காரன் ஒரு டாலர் தரல. இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படியும் என் நண்டு" என்பார். படியேறி மூச்சு வாங்கி நிற்கும் விருந்தாளியிடம் இதைச் சொல்வதில் அவருக்குத் தனி ருசி.

எழுத்து மட்டும் அவருக்கு வசப்படவில்லை. பேசுவது பிரெஞ்சு, அரசாங்கத்துக்குப் போக வேண்டியது இங்கிலீஷ். எல்மீர் அதே பாதிரிமார் பள்ளியில் ஏழாவது வரை படித்தவர், பிறகு பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். நம் பக்கத்தில் ஏழாவதுக்கு மேல் படிப்பு அப்போது கிடையாது.

முதல் கடிதத்தின்போதே பேரம் முடிந்துவிட்டது. கடலோரத் தண்ணீரைத் துண்டு துண்டாக எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் குத்தகை விடப்போகிறோம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது.

"கருத்து கேக்காங்க மதினி. சொல்லிருவோம்."

"சொல்லு. எழுதக் கூலி அஞ்சு டாலர்."

"சொந்தக் கொழுந்தன்கிட்டயா?"

"சொந்தக் கொழுந்தன்கிறதாலதான் அஞ்சு. இல்லேன்னா பத்து."

"சரி. கவர்மென்டு பதில் போட்டா அன்னைக்கே தர்றேன்."

ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று எல்மீர் நம்பினார். கருத்துக் கேட்கிறவன் பதில் போடுவான் என்று யார்தான் நம்பமாட்டார்கள்? பிறகுதான் வழக்கம் புரிந்தது. எல்லோர் கருத்தையும் ஒரே தடிப் புத்தகமாகக் கட்டி, 'சிலர் கவலை தெரிவித்தனர். கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்தச் 'சில'ரில் ஒருவராக ஒக்தாவ் வருஷக்கணக்கில் கிடந்தார். ஏலம் வரும்போதெல்லாம் கடிதம் போகும். நடுவில் ஒரு தடவை, உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஓர் அட்டை வந்தது. எல்மீர் கையை நீட்டினார். ஒக்தாவ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரசீது மதினி. ரசீதுக்குக் கூலி பேசல" என்றார்.

நாற்பத்தோராவது கடிதத்துக்கு அவர் வந்து உட்கார்ந்தபோது, எல்மீர் அடுக்களை மேசையில் காப்பியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"மொதல்ல நான் யாருன்னு எழுதுங்க."

"நாப்பது தடவ எழுதியாச்சு. நீ யாருன்னு அவங்களுக்கு மனப்பாடமே ஆயிருக்கும். விஷயத்தச் சொல்லு."

வழக்கமாக உடனே பிடித்துக்கொள்கிற மனிதர் அன்று கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தார். காப்பி ஆறியது.

"நானும் கால்வா வெட்டினவன்தான்னு எழுதுங்க."

எல்மீர் நிமிர்ந்து பார்த்தார். ஊருக்குத் தெரியாத சங்கதி அது. கல்யாணத்துக்கு முன்னால், மேற்கே வேலைக்குப் போனேன் என்று மட்டும்தான் ஒக்தாவ் சொல்லி வைத்திருந்தார். எண்ணெய்க் கம்பெனிக்காகச் சதுப்பைக் கிழித்த இயந்திரத்தைப் பதினொரு மாதம் ஓட்டியது அவருடைய கைதான். முதல் படகுக்குப் பலகை வாங்கிய பணம் அங்கிருந்து வந்தது.

"எழுதுங்க. எழுவது அடி அகலம் வெட்டினோம். இன்னைக்கு அது முந்நூறு அடி. மீதிய யாரு வெட்டினா? தண்ணி வெட்டிச்சு. நாங்க வாசலத் தொறந்து விட்டோம், கடல் வீட்டுக்குள்ள வந்துருச்சு. வெட்டினவன் சொல்லுதேன், இன்னொரு தடவ வெட்ட விடாதீங்க. போன வருஷம் இதே கவர்மென்டு சேவைப் படைன்னு பிள்ளைகள அனுப்பி, அந்தக் கரையில புல்லு நடச் சொல்லிச்சு. நல்ல பிள்ளைக. வெளியூரு. நண்டு உரிக்கக்கூடத் தெரியல, நான்தான் உரிச்சுக் குடுத்தேன். மூவாயிரம் நாத்து நட்டுச்சுக. எத்தன மணி நேரம் வேல செஞ்சீங்கன்னு பேப்பர்ல எழுதி வாங்கிட்டுப் போயிட்டாங்க. எத்தன நாத்து பொழச்சுதுன்னு எவனும் வந்து கேக்கல. நான் படகுல போய் எண்ணினேன். அறுநூத்திப் பன்னெண்டு. ஒரு கையால வெட்ட விடுறீங்க, ஒரு கையால நடுறீங்க. ரெண்டும் ஒரே ஒடம்போட கைதான? நின்னு எண்ணிப் பாருங்க."

எல்மீர் எழுதி முடித்து உறையில் போட்டார். 'நான் யார்' என்று ஆரம்பிக்காத ஒரே கடிதம் அதுதான். அதில்தான் ஒக்தாவ் முழுசாக இருந்தார்.

உறை மேல் கோப்பு எண் எழுத வேண்டும். எண் இல்லாத கருத்து செல்லாது. அறிவிப்புகளை ஒட்டுவது தீயணைப்பு நிலையத்துப் பலகையில். இந்தப் பக்கத்து ஈரத்தில் காகிதம் நிமிர்ந்து நிற்காது. ஒரே ஆணியில் இரண்டு மூன்று தொங்கும், அடிப்பக்கம் அப்பளம் மாதிரி மேலே சுருண்டுகொள்ளும். எல்மீர் போய், தூண்டில் இரை வாங்கிய சீட்டின் பின்பக்கத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தார். மேலே தொங்கியது எண்ணெய்க் குத்தகை அறிவிப்பு. ஆனால் அதன் அடி சுருண்டுவிட்டதால், கீழே தெரிந்த எண் பின்னால் தொங்கிய காகிதத்துடையது. அது வேறு அறிவிப்பு: சேவைப் படையின் வேலையை எந்தக் கேள்விகள் கேட்டு மதிப்பிடலாம், பொதுமக்கள் கருத்துச் சொல்லவும் என்று வேறோர் அலுவலகம் போட்டிருந்தது. எண்ணுக்குக் கீழேயே முகவரி. எல்மீர் இரண்டையும் அழகாக எழுதித் தபாலில் சேர்த்தார்.

குத்தகைக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் இரண்டு மாதம் கழித்து அதே தீயணைப்பு நிலையத்தில் நடந்தது. ஆளுக்கு மூன்று நிமிஷம். பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் உட்கார வேண்டும். ஒக்தாவ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, இரண்டரை நிமிஷம் தான் யார் என்று சொன்னார். படகு, புயல், இருபத்திரண்டு படி, எல்லாம் வந்தது. பிறகு, "முக்கியமானத இங்க சொல்ல மாட்டேன். அது லெட்டர்ல இருக்கு. நாப்பத்தோராவது லெட்டர். அத மட்டும் எடுத்துப் படிங்கம்மா" என்றார்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாள் நல்ல மாதிரி. கணினியில் தேடினார். பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு மறுபடி தேடினார்.

"மன்னிக்கணும் ஐயா. இந்தத் தடவை உங்க கடிதம் எதுவும் எங்க கோப்புல வரலையே. வேணும்னா இப்பவே வாயால சொல்லிடுங்க, பதிவு பண்ணிக்கிறேன்."

ஊரே உட்கார்ந்திருந்தது. கால்வாய் அரித்து வீட்டை இழந்தவர்களே இரண்டு வரிசை இருந்தார்கள். ஒக்தாவ் அந்த இரண்டு வரிசையையும் பார்த்தபடியே நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது.

பின்வரிசையிலிருந்து நண்டு வியாபாரி தூசே குரல் கொடுத்தார்: "இனிமே நாப்பதுன்னு சொல்லு, ஒக்தாவ்!"

கூரை அதிரச் சிரித்தார்கள்.

அன்றே ஒக்தாவ் எல்மீர் வீட்டுக்குப் போய், எண் குறித்த இரைச் சீட்டை வாங்கிக் குத்தகை அறிவிப்போடு ஒத்துப்பார்த்தார். எண் வேறு.

"ஏழாவது வரைக்கும் படிச்சீங்களே மதினி! பத்து நம்பரப் பாத்து எழுதத் தெரியல?"

"கண்ணுல பூ விழுந்த கிழவிகிட்ட எழுதி வாங்குறியே, கூலியாவது குடுத்தியா? ஓசிக் கடிதம் ஓசி மாதிரிதான் போகும்."

"நான் அதுல என்ன சொன்னேன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றார் எல்மீர், குரல் இறங்கி. "அதனாலதான் எனக்கும் வலிக்குது."

வெள்ளிக்கிழமைதோறும் எல்மீர் வாசலில் ஒரு கூடை நண்டு வைத்துவிட்டுப் போவது ஒக்தாவின் வழக்கம். அது நின்றது. இன்னொரு கடிதம் எழுதலாம் என்றால், காலக்கெடு முடிந்துவிட்டது. அதோடு அந்த வார்த்தைகளை இரண்டாவது தடவை வெளியே எடுக்க அவரால் ஆகாது. ஏலம் நடந்தது. நம் பக்கத்துத் தண்ணீரில் இரண்டு துண்டை யாரோ எடுத்தார்கள். ஒக்தாவ் துறையில் நண்டை இறக்கினார், காசை வாங்கினார், வாயைத் திறக்காமல் போனார். சிரித்தவர்களுக்கே அது பொறுக்கவில்லை. "ஏதாவது பீத்திட்டுப் போயேன்யா, பொழுது விடிஞ்ச மாதிரியே இல்ல" என்று தூசே கெஞ்சிப் பார்த்தார்.

எட்டாவது வாரம், முழங்கால் வலியோடு எல்மீர் அந்த இருபத்திரண்டு படியையும் ஏறி வந்தார். கையில் உறை. ஒக்தாவ் கூண்டுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"ஒன் பேருக்கு வந்திருக்கு. படிக்கவா, திரும்ப எறங்கவா?"

"ஏறினது ஏறிட்டீங்க. படிங்க."

எல்மீர் இங்கிலீஷில் ஒரு வரி, பிரெஞ்சில் ஒரு வரியாகப் படித்தார். சேவைப் படையை மதிப்பிடும் அலுவலகம் எழுதியிருந்தது. 'அன்புள்ள ஐயா, எண்ணெய்க் குத்தகை எங்கள் அதிகாரத்தில் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இங்கே எல்லோரும் படித்தோம். கால்வாய் வெட்டியவரே அதைப் பற்றிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. எங்கள் கேள்வித்தாளில் வேலை நேரத்தை மட்டுமே கேட்டிருந்தோம். உங்கள் கருத்தை ஏற்று, ஒரு வருஷம் கழித்து நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற கேள்வியைச் சேர்த்துவிட்டோம். இனி நாடு முழுவதும் கேட்கப்படும்.'

கம்பி கையிலிருந்து நழுவியது. "இன்னொரு தடவ படிங்க."

மூன்று தடவை படிக்கச் சொன்னார். கூலியைப் பற்றி இருவரும் பேசவில்லை. எல்மீர் இறங்கும்போது, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படிவரை கூடவே வந்தார். அதற்கு முன் அவர் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை.

மறுநாள் காலை துறையே அதிர்ந்தது.

"நாடு பூரா! கேட்டுக்கோ தூசே, நாடு பூரா! எங்க எவன் ஒரு நாத்து நட்டாலும், இந்த ஒக்தாவ் கேக்கச் சொன்ன கேள்விக்குப் பதில் சொல்லணும்! மூணு வருஷம் பள்ளிக்கூடம் போனவன்டா நான்!" பிறகு, யாரும் கேட்காமலே, கொஞ்சம் தணிந்த குரலில், "ஆமா, அந்தக் கால்வாய வெட்டினதுல நானும் ஒருத்தன். அதையும் எழுதினேன். அதையும் படிச்சாங்க" என்றார்.

கூட்டத்தன்று வீடு போனவர்கள் வரிசையில் இருந்த ஒருவர் ஐஸை அள்ளிப் பெட்டியில் கொட்டிவிட்டு, "தெரியும்யா. ஒன் அண்ணன் குடிச்சப்ப ஒருநா சொன்னான். எங்கப்பனும்தான் வெட்டினான்" என்றார்.

தூசே கண்ணைச் சுருக்கினார். "அப்ப, பதில் வந்துருச்சுங்கிற?"

"வந்துருச்சாவா? ரெண்டு பக்கம்!"

சொன்ன பிறகுதான், இறால் வாங்க வந்து தராசுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எல்மீரை அவர் பார்த்தார். எல்மீர் வலது கையை நீட்டி விரித்தார்.

"அது வேற ஆபீசு மதினி..."

"சரி. அப்ப பதில் வரலன்னு சொல்லு. இவங்க முன்னாடி சொல்லிரு, நான் கைய மடக்கிட்டுப் போயிருதேன்."

ஒக்தாவ் சுற்றிப் பார்த்தார். தூசே எடை போடுவதையே நிறுத்திவிட்டார்.

"அந்தக் கடைசி லெட்டருக்கு நம்பர் தப்பு. அதுக்கு அஞ்சு டாலர் கெடையாது."

"அட கிறுக்கா, அது ஒண்ணுதான் போய்ச் சேந்துச்சு!"

துறை முழுக்கச் சிரித்தது. ஒக்தாவும் சேர்ந்து சிரித்துவிட்டார். காலையில் நண்டு போட்ட காசைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, விரலை நாக்கில் நனைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினார். உப்புத் தண்ணீரில் ஊறிய இருபது டாலர் நோட்டுகள், ஒவ்வொன்றாக, அந்தச் சுருங்கிய உள்ளங்கையில் விழுந்தன. பத்தாவது விழுந்ததும் நிறுத்தி மதினியின் முகத்தைப் பார்த்தார். கை விரிந்தபடியே இருந்தது. பையின் அடியைத் துழாவி ஓர் ஐந்து டாலர் நோட்டை எடுத்து, கசங்கலை நீவி, மேலே வைத்தார்.