மாமாவின் பற்று

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா சிராங்கூன் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். அங்கே கணக்கெழுதியவர் அம்மாவின் தம்பி, கல்யாணமாகாத மாமா. பெண்பிள்ளைக்குக் கடையில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டாலும், அவர் எழுதுவதை எட்டிப் பார்ப்பதுதான் எனக்கு விளையாட்டு.

ஒன்றையே அவர் இரண்டு இடத்தில் எழுதுவது விந்தையாக இருந்தது. கடனுக்கு அரிசி விற்றால் அரிசிப் பக்கத்தில் ஒரு வரி, வாங்கியவர் பக்கத்தில் இன்னொரு வரி. அப்பா வீட்டுக்குச் சீனி எடுத்து வந்தால்கூட அப்பா பேரில் பற்று.

"நம்ம கடைதானே மாமா. அரிசி குறைஞ்சதுன்னு மட்டும் எழுதினா போதாதா?"

"சரக்கு வெளிய போனா, யார்கிட்ட போச்சுன்னும் எழுதணும். இல்லாட்டி ரெண்டு பக்கமும் ஒத்துவராது."

அதன்பின் கடையைவிட்டுப் போன ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது என்று தேடுவதே என் வேலையாயிற்று. டோபி காட் என்ற வண்ணார் துறையில் துணி வெளுக்கும் அக்கா ஒருத்தி, கணவனை இழந்தவள், வெள்ளிதோறும் வருவாள். மாமா நான்கு படி அரிசி அளந்து கொடுப்பார், காசு வாங்கமாட்டார். பேரேட்டில் அவளுக்குப் பக்கமே இல்லை. பல நாள் தேடிக் கண்டுபிடித்தேன்: அத்தனையும் மாமா தன் பேரிலேயே பற்று எழுதியிருந்தார்.

ஆண்டுக் கணக்கு முடித்த அன்று இரண்டு பக்கமும் காசு பிசகாமல் ஒத்துவந்தன. ஆனால் மாமாவின் சம்பளத்தில் பாதி அரிசியாகப் போயிருந்தது.

"நம்ம வீட்டுலதானே சாப்பிடுற. இவ்வளவு அரிசியை என்னப்பா பண்ணின?" என்றார் அப்பா.

மாமா பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறந்துவிட்டார் போலும் என்று நானே உதவிக்குப் போனேன்.

"டோபி காட் அக்காவுக்கு, அப்பா. மாமா எல்லாம் சரியா எழுதியிருக்காங்க."

அப்பா பேரேட்டை மூடினார். எழுதாமல் கொடுத்திருந்தால் எலி தின்றதென்று விட்டிருப்பார். அடுத்த நாகப்பட்டினம் கப்பலுக்கு மாமாவுக்குச் சீட்டு வாங்கினார்கள். ஊரில் பெண் பார்த்திருப்பதாக அம்மா சொன்னாள்.

துறைமுகத்துக்கு அந்த அக்கா வந்தாள். மாமாவின் சட்டைகளை வெளுத்துத் தேய்த்து, துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மாமா வாங்கிக்கொண்டார். அவள் திரும்பி நடந்தாள்.

"மாமா, வெளுத்த கூலி கொடுக்கலையே," என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. தம்பி ஊருக்குப் போவதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.