மெஷினுக்குக் கட்டிய கோவணம்

போன வாரம் போளூரில் வண்டிக்குப் பஞ்சர் ஒட்ட நிறுத்தியிருந்தேன். கடைக்காரர் ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பழைய ரப்பர் துண்டு ஒன்றில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். யாரோ டிராக்டருக்கு மட்கார்டு கேட்டார்களாம். புகை நேராக என் மூஞ்சிக்கே வந்தது.

"தள்ளி உக்காருங்க சார், பொகை அடிக்குது."

"அடிக்கட்டும் பரவால்ல" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். கருகின ரப்பர் வாடைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனை வேறு எப்படிப் பார்ப்பது?

அந்த வாடை என்னை எண்பதுகளின் தொடக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, ஜவ்வாது மலையில் வேலூர்க்காரர் ஒருத்தரின் பழத்தோட்டத்தில் மெக்கானிக் வேலை கிடைத்தது. மெக்கானிக் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தண்ணி இறைக்க ஒரு எஞ்சின், மருந்தடிக்க ஒரு பம்பு, புல் வெட்ட ஒரு மெஷின். இந்த மூன்றுக்கும் நான்தான் ராஜா, நான்தான் சேவகன். மேனேஜர் சனிக்கிழமை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார். காய் பறிக்கும் காலம் தவிர வேறு ஆள் நடமாட்டம் கிடையாது. வீட்டில் அண்ணன் தம்பிகளோடு காலும் கையுமாக இடித்துக்கொண்டு படுத்துப் பழகினவன், தகரக் கொட்டகையில் டீசல் வாடையோடு தனியாகக் கிடந்தேன். சுவரில் ஒட்டியிருந்த பழைய பேப்பரில் மணமகள் தேவை விளம்பரம் வரைக்கும் எனக்கு மனப்பாடம். சில நாள் என் குரலே எனக்கு மறந்துபோய்விடும். சும்மாவாவது எஞ்சினைத் திட்டுவேன்.

அந்தப் புல்வெட்டும் மெஷின் மெட்ராஸில் ஏலத்தில் எடுத்தது. தோட்டத்தில் இடுப்புயரம் நிற்கிற முரட்டுப் புல்லையும் முள்ளையும் வெயில் காலத்துக்கு முன்னால் அறுத்துத் தள்ளவில்லையென்றால், எங்கேயாவது பற்றுகிற தீ மரத்துக்கு வந்துவிடும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும், அடியில் கத்தி சுற்றும். வெட்டின புல் பின்பக்கம் வந்து விழும். அங்கே ஒரு ரப்பர் தொங்கி, கல்லையும் கட்டையையும் தடுக்க வேண்டும். அந்த ரப்பர் ஏலத்துக்கு வருவதற்கு முன்பே எங்கேயோ கழன்று போயிருந்தது. மலைக் காட்டில் கல்லுக்குப் பஞ்சமா? என் முழங்காலுக்குக் கீழே காயம் ஆறுவதற்குள் அடுத்த காயம் வந்துவிடும். சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு நடப்பேன், பார்க்க யானைக்கால்காரன் மாதிரி இருக்கும்.

அப்போது எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை சடையண்ணன். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அவர் வீடு. தோட்டத்தின் எல்லையில் மரம் வைக்காத சரிவு ஒன்றில் நான்கைந்து மாடுகளை மேய்ப்பார். மத்தியானம் நான் மெஷினை நிறுத்தினதும், மேலேயிருந்து "ஓ..." என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு இறங்கி வருவார். யாருக்கும் வாங்க போங்க சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

"இன்னா தம்பி, துன்னியா?"

"இன்னும் இல்லண்ணே."

அவர் கொண்டுவந்த சாமைச் சோறும் நான் கிண்டின அடிப்பிடித்த உப்புமாவும் கைமாறும். என் உப்புமாவை மனுசன் முகம் சுளிக்காமல் தின்றார், அதற்கே கோயில் கட்டலாம். மாட்டைப் பற்றிப் பேசுவார், மழையைப் பற்றிப் பேசுவார், பாதி நேரம் ஒன்றும் பேசமாட்டார். அந்த அரை மணிக்காகத்தான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு நாள் அந்தச் சரிவிலும் வெட்டச் சொல்லி மேனேஜர் உத்தரவு. பாதி வெட்டியிருப்பேன், எலுமிச்சங்காய் அளவுக் கல் ஒன்று பறந்துபோய் சடையண்ணனின் வெள்ளைப் பசுவைத் தொடையில் அடித்தது. மாடு கத்திக்கொண்டு பள்ளத்தில் குதித்தது. நான் மெஷினை அணைத்துவிட்டு ஓடினேன். அவர் மாட்டின் தொடையைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மேனேஜருக்குப் பயந்து மிச்சத்தையும் வெட்டி முடித்தேன். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அழுகையே வந்தது, வெட்கமென்ன சொல்வதற்கு.

கல்லை நிறுத்தினால் மனுசன் வருவார் என்று முடிவு கட்டினேன். பஸ் பிடித்துப் போளூர் இறங்கி டயர் கடையில் ரப்பர் கேட்டேன். முதலில் பழைய டயரின் பக்கவாட்டை வெட்டி மாட்டினேன். அது மரப்பலகை மாதிரி விறைத்து நின்றது. புல் வெளியே போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டு மெஷின் நின்றுபோனது. திரும்பவும் இறங்கினேன். லாரி டயரில் ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவே வளையமாக ஒரு ரப்பர் வைப்பார்கள், ஃப்ளாப் என்பார்கள். நூல் ஓடாத ரப்பர், நன்றாக வளையும். அதை வாங்கிவந்து சோப்புத் தண்ணி விட்டு விட்டு அறுத்தேன். தண்ணி விடாமல் அறுத்தால் கத்தி ரப்பரில் கவ்விக்கொள்ளும். காய்ச்சின கம்பியால் ஓட்டை போட்டு, இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கி, கீழ்ப்பக்கம் வார் வாராகக் கீறிவிட்டேன். புல் தள்ளிக்கொண்டு போகும், கல் முட்டிக்கொண்டு விழும்.

சரளைக் கல்லைக் கொட்டி அதன் மேலேயே மெஷினை விட்டேன். தொப் தொப்பென்று அத்தனையும் ரப்பரில் பட்டு அங்கேயே விழுந்தன. காலில் சாக்கில்லாமல் நின்றேன். ஒரு கல் படவில்லை. கைதட்ட ஒரு ஆள் இல்லை.

அன்றைக்கே மேடு ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். சடையண்ணன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கார அக்கா சொம்பில் தண்ணி கொடுத்தார். மூச்சு வாங்க ரப்பர் கதை முழுவதையும் சொன்னேன்.

"மெஷினுக்கு கோவணம் கட்டிட்டேன்னு சொல்லு" என்று அண்ணன் சிரித்தார்.

"மாட்டுக்கு இப்ப எப்படிண்ணே?"

"அதுக்கு இன்னா? அடுத்த நாளே நடந்துச்சி."

"அப்புறம் ஏன் வர்ல? கோவமா?"

"கோவம் இன்னா கோவம். நீ புல்ல அறுத்துட்ட. புல்லு இல்லாத எடத்துக்கு மாட்ட இட்டுகினு வந்து இன்னா பண்றது? அதான் கெழக்கால போறேன்."

அக்கா உள்ளேயிருந்து, "ஒன்ன பாக்கறதுக்குன்னு தனியா வருமா அது? வேல வெட்டி இல்லியா?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். கல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, புல் புத்தியில் ஏறவில்லை பாருங்கள்.

அடுத்த மழைக்குப் புல் கிளம்பியது. அந்தச் சரிவின் பக்கம் நான் மெஷினைக் கொண்டுபோகவே இல்லை. சனிக்கிழமை மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"அத ஏன்யா வுட்ட?"

"பாறை சார். பிளேடு போய்டும்."

"அதான் ரப்பர் போட்டியே?"

"ரப்பர் கல்லத்தான் சார் நிறுத்தும்."

மாடு மேய்ந்து புல் குட்டையாகவே இருந்ததால் அவரும் விட்டுவிட்டார். மத்தியானத்தில் மறுபடியும் அந்த "ஓ..." கேட்டது. தோட்டத்தை விற்கும் வரைக்கும் கேட்டது. அப்புறம் நான் கீழே வந்து வேறு வேலை, கல்யாணம், குடும்பம் என்று ஆகிவிட்டேன்.

பஞ்சர் ஒட்டின மறுநாள், யாரிடமும் சொல்லாமல் மலைக்குப் பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் இப்போது என்னைக் கேட்க யாரும் இல்லை என்பது வேறு விஷயம். போளூரில் எலுமிச்சைச் சோறு இரண்டு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டேன். தோட்டம் பூட்டிக் கிடந்தது. கொட்டகை இடிந்திருந்தது. மெஷின் துருவேறி மண்ணில் பாதி புதைந்திருந்தது, பின்னால் என் ரப்பர் மட்டும் அப்படியே தொங்கியது. டீக்கடையில் விசாரித்தேன். சடையண்ணன் போய்ச் சேர்ந்து ரொம்ப வருசமாம். பிள்ளைகள் மாட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டார்களாம்.

சரிவுக்குப் போய் உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். இன்னொன்று மடியிலேயே இருந்தது. சுற்றிலும் புல் என் தலைக்கு மேலே நின்றது. அன்றைக்கு இந்தப் புல் இல்லையென்றுதான் அவர் வரவில்லை.