பொருத்திப் பார்த்தே விற்ற ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். "அக்கா, நேத்து வந்த கேஸுல நம்ம போர்டு உக்காரவே மாட்டேங்குது" என்று நான்தான் முதலில் ஆரம்பித்தேன். மறுமுனையில் அவர் கணவர். "தம்பி, அவ போயிட்டாப்பா. விடிகாலையில, தூக்கத்துலயே" என்றார். ஷட்டரை இறக்கிவிட்டு சேலையூரில் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

தாம்பரம் மேற்கில் எங்கள் கடையை அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் மெக்கானிக்கல் கீபோர்டின் பாகங்களை விற்கிறோம். வெளிக்கூடான கேஸ், அதனுள் உட்காரும் போர்டு, ஒவ்வொரு கீயின் அடியிலும் ஸ்விட்ச், மேலே எழுத்து பொறித்த கீகேப் என்று தனித்தனியாக வாங்கி, அவரவர் விரலுக்கும் ரசனைக்கும் ஏற்றபடி சேர்த்துக்கொள்ளலாம். மவுஸும் சார்ஜரும் விற்று மேலே வந்தவன் நான். கடையைத் தொடங்கியது நான்தான்; அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, பெருமைதான்.

அக்கா மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து, விருப்ப ஓய்வு பெற்றவர். எங்கள் கடைக்கு முதலில் வந்தது சண்டை போட. மகளுக்கு வாங்கிய கீகேப் செட்டில் வலது பக்க ஷிஃப்ட் பொருந்தவில்லை. சிறிய லேஅவுட்டில் அந்த ஷிஃப்ட் குட்டையாக இருக்கும். செட்டில் இருந்ததோ நீளமானது.

"இது யுனிவர்சல் செட்டுதான்க்கா, எல்லாத்துக்கும் மாட்டும்."

"எல்லாத்துக்கும்னா? நீங்க எதுல மாட்டிப் பார்த்தீங்க?"

மாற்றிக் கொடுத்தேன். ஆள் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்ற செட்டுகளையும் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். சில மாதங்களில் கடையில் பங்குதாரர் ஆகிவிட்டார்.

வந்ததும் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். எந்தப் பாகமானாலும் பேக் பண்ணுவதற்கு முன், வாடிக்கையாளர் கண் முன்னே, ஸ்க்ரூ போடாமல் கவுன்டரிலேயே சேர்த்துப் பார்க்க வேண்டும். "சனிக்கிழமை கூட்டத்துல இதெல்லாம் பேஜார்க்கா" என்றேன். "கிட்டத்தட்ட பொருந்துதுன்னா பொருந்தலைன்னு அர்த்தம், ரவி" என்றார். அடியில் ஐந்து கால் உள்ள ஸ்விட்ச், மூன்று காலுக்கு மட்டும் துளை உள்ள போர்டில் உட்காராது. வீட்டுக்குப் போய் வாடிக்கையாளரே தெரிந்துகொள்ளட்டும் என்று நான் விட்டுவிடுவேன். அவர் அங்கேயே கேட்பார்: "ரெண்டு காலை வெட்டித் தரட்டுமா, வேற ஸ்விட்ச் தரட்டுமா?" திரும்பி வரும் சரக்கு குறைந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன்.

சுதாகர் வந்த நாளைத்தான் எல்லாரிடமும் சொல்வேன். கூடுவாஞ்சேரிக்காரர், பார்வையில்லாதவர். நாவலூர் அலுவலகம் ஒன்றில் சேர்ந்திருந்தார். வேலை நிரந்தரமாவதற்கான டைப்பிங் தேர்வு வரும் திங்கட்கிழமை. அலுவலகக் கீபோர்டில் பிழை அதிகம் வருகிறது என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். சொந்தக் கீபோர்டு கொண்டுவர அனுமதி வாங்கிக்கொண்டு, நண்பர் தினேஷுடன் வந்தார். தினேஷ் பார்த்ததும் ஒரு குட்டிக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தார். கடையிலேயே அழகானது அதுதான். நான் பெட்டியை எடுத்தே விட்டேன்.

அக்கா சுதாகரிடம் கேட்டார்: "ஸ்கிரீனைப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேருக்கு எந்த கீயை அதிகமா அழுத்துவீங்க?"

"இன்சர்ட்தான்க்கா. அப்புறம் நம்பர் பேட்."

"இதுல ரெண்டுமே இல்லையேப்பா."

"எஃப்என் கீயைச் சேர்த்து அழுத்தினா இன்சர்ட் வரும்க்கா" என்றார் தினேஷ்.

"அவர் இன்சர்ட்டோட இன்னொரு கீயும் அழுத்தணும். அதுக்கு மேல எஃப்என்னா? இது டைப்பிங்கா, வீணை வாசிப்பா?"

முழு அளவு கீபோர்டு ஒன்றைச் சேர்த்து வைத்தார். சாம்பல் நிறக் கீகேப்புகள், ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே இடைவெளி. சுதாகர் விரல்களை வைத்தார். ஓடிய விரல்கள் நின்றுவிட்டன. "அக்கா, நான் எங்க இருக்கேன்னே தெரியல" என்றார்.

தடவிப் பார்த்தோம். எஃப், ஜே, நம்பர் பேடின் ஐந்து ஆகிய மூன்று கீகளிலும் விரலுக்கு அடையாளமாகச் சிறு மேடு இருக்க வேண்டும். அந்த விலையுயர்ந்த செட்டில் மூன்றும் மொழுக்கென்று இருந்தன. அதே உயரம், அதே வளைவு கொண்ட இன்னொரு செட்டை அக்கா பிரித்தார். மேடு இருந்தது. ஆனால் நிறம் பளிச்சென்ற மஞ்சள். அந்த மூன்றை மட்டும் கழற்றி மாட்டினார்.

"ஐயோ, கலர் மேட்ச் ஆகலையேக்கா!" என்றார் தினேஷ்.

சுதாகர் சிரித்துவிட்டார். "கலரா? அது உன் பிரச்சினைடா மச்சான்."

கடையே சிரித்தது. சுதாகர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். விரல்கள் நிற்கவில்லை. மூன்று கீகேப்புக்காக அக்கா ஒரு முழு செட்டைக் குலைத்துவிட்டாரே என்று எனக்கு உள்ளே எரிச்சல். அதையும் அப்போதே சொன்னேன். "அவர் வேலையைவிட உன் மஞ்சள் செட்டு பெருசா?" என்றார். நான் பில் புத்தகத்தை எடுத்தேன்.

அடுத்த வாரம் சுதாகர் கடைக்கு ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, பாஸ்! பர்மனென்ட் பண்ணிட்டாங்க!" நான் கவுன்டரில் தட்டிக் கத்திக்கொண்டிருந்தேன். அக்கா ஃபோனை இழுத்து, "ரொம்ப சந்தோஷம்ப்பா. சரி, எந்த கீ இன்னும் தடுக்குது, அதைச் சொல்லு" என்றார். ஸ்பேஸ் பார் கொஞ்சம் கடகடக்கிறது என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வரேன், எடுத்து வை" என்று சொல்லி, அதேபோல கூடுவாஞ்சேரிக்குப் போய்ச் சரிசெய்துவிட்டும் வந்தார். அதன் பிறகு அந்த அலுவலகத்திலிருந்து எங்களைத் தேடி வந்தவர்கள் பலர். யாரும் விலையைக் கேட்டு வரவில்லை, அக்காவைக் கேட்டு வந்தார்கள். ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய கௌரவம் எனக்குத் தெரிந்து கிடையாது.

அவர் விட்டுப்போனதில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். விற்றுவிட்ட பொருளுக்கு நாமே போய்க் குறை கேட்பதா என்று எந்த வியாபாரியும் யோசிப்பான். நானும் யோசிக்கிறேன். யோசித்துக்கொண்டே, வாங்கிப் போன ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டுக் கேட்கிறேன்: "எந்த கீ இன்னும் தடுக்குது?"