அவள் போட்ட ஐந்து நட்சத்திரம்

ஆஸ்பத்திரியின் சாமான் கிடங்கில் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். பதினெட்டு வருஷமாகக் கையுறை, பஞ்சு, ஊசி என்று வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்து எண்ணிய பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். ஒன்று குறைந்தாலும் லாரிக்காரர் பாடு திண்டாட்டம்தான். "அக்கா கண்ணுல மண்ணைத் தூவ இனிமேதான் ஒருத்தன் பொறக்கணும்" என்பார்கள். காதில் விழாத மாதிரி இருந்துகொண்டாலும் உள்ளுக்குள் அது வெல்லமாக இனிக்கும்.

அவள் தங்கை, வீட்டில் இருந்தபடியே துணி தைத்துக் கொடுப்பவள். நூல் பிரியாமல் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று இருந்தால் பள்ளிச் சீருடை ஆர்டர் எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆன்லைன் ஏலத்தில் பழைய மெஷின் ஒன்று அக்கா கண்ணில் பட்டது. யாரோ போட்டிக்கு வர, விடாப்பிடியாக ஏற்றிக் கேட்டு எடுத்துவிட்டாள்.

விற்றவன் போனில் தேனாகப் பேசினான். "சைட்டு வழியா கட்டினா கமிஷனே தின்னுடும்க்கா. நேரா என் கணக்குல போடுங்க, குறைச்சுத் தர்றேன்."

வெளியே பணம் கட்டாதீர்கள் என்று ஏலத் தளத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. படித்தாள். படித்தும் அனுப்பினாள்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டான். "பார்சலை ஏத்தியாச்சுக்கா. நான் இதுல புதுசு. நல்லதா நாலு வார்த்தை எழுதி அஞ்சு ஸ்டார் போட்டு விடுங்களேன்."

போட்டாள். 'பொருள் அருமை, நம்பி வாங்கலாம்' என்று எழுதியும் வைத்தாள்.

பார்சல் வரவில்லை. ஒரு வாரத்தில் அவன் போனும் அணைந்துபோனது. வெளியே கட்டியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தளத்தார் கைவிரித்தார்கள். தங்கை கேட்கும்போதெல்லாம் "லாரி ஸ்டிரைக்காம்", "அங்க மழையாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அதை நம்பித் தங்கை பள்ளியில் அறுபது சீருடைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

மூன்றாவது வாரம் ஏலத் தளம் வழியாக முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. 'என் மனைவிக்காக மெஷின் வாங்கினேன். நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் துணிந்து பணம் அனுப்பினேன். வரவில்லை. நீங்களும் அவன் ஆள்தானா?' கீழே போன் எண்.

பெட்டிகளுக்கு நடுவே நின்று படித்தாள். முகம் காந்தியது. ஏமாந்தது தன்னோடு போகட்டும் என்றிருந்தவள், இன்னொருவரையும் தன் கையாலேயே குழியில் தள்ளியிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில்கூட யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொன்னாள். "மெஷின் வராதுடி. ஏமாந்துட்டேன். உன்கிட்ட சொன்னதெல்லாம் பொய்."

தங்கை கத்திரியைக் கீழே வைத்தாள். "பணம் போனா போகட்டும்க்கா. மழைன்னியே, லாரின்னியே... ஸ்கூல்ல போய் நான் இப்ப என்னன்னு சொல்லுவேன்?"

அக்கா வெளியே வந்து அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"நான் அவன் ஆளு இல்லைங்க. எனக்கும் வரலை. வராமலே வந்த மாதிரி எழுதிட்டேன். தப்பு என்னோடதுதான்."

"வராத பொருளை அருமைன்னு எப்படிங்க எழுத மனசு வந்துச்சு?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"கேட்டான்... எழுதிட்டேன்."

அன்றே நட்சத்திரங்களை எடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். அவளும் செய்தி அனுப்பியவரும் போலீஸில் புகார் கொடுத்தார்கள். தளத்தார் அவனுடைய விற்பனைப் பக்கத்தை மூடிவிட்டார்கள். பணம் யாருக்கும் திரும்பவில்லை. தங்கை இருபது சீருடைக்கான ஆர்டரை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதிக்கு மட்டும் தெரிந்த தையல்காரரிடம் ஓரம் அடித்து வாங்கினாள். அக்கா தினம் வேலை முடிந்து போய்ப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள்.

"இதுக்கு அஞ்சு பொத்தான்" என்று மட்டும் சொல்லித் தங்கை துணியை நீட்டுவாள். அக்கா தலை நிமிராமல் வாங்கிக்கொள்வாள்.