அம்மாவை வேவு பார்த்தது

எனக்கு எட்டு வயதில் அப்பா ஒரு வேலை கொடுத்தார். அம்மாவை வேவு பார்க்க வேண்டும்.

அம்மா பிரசவத்துக்குப் போய் வெறுங்கையோடு வீடு திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. தம்பி உயிரில்லாமல்தான் பிறந்தான் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறார்கள் என்றார்கள். நானும் நம்பி, பள்ளிக்கூடத்தில் அவன் எடையைக்கூட இஷ்டத்துக்குக் கூட்டிச் சொல்லி வந்தேன்.

அம்மா வீட்டில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஆனால் விடிந்ததும் பஸ் ஏறி சாமுண்டி மலைக்குப் போய்விடுவாள். ஞாயிறு பூசைக்கு வராதவள் சாமுண்டி மலைக்குப் போகிறாள் என்றால் சர்ச்சில் சும்மா இருப்பார்களா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் அப்பாவுக்குத் தலைநிமிர முடியவில்லை. அம்மாவை நேரில் கேட்கவோ தைரியமில்லை.

"லீவுதானே, சும்மா தொணைக்குப் போற மாதிரி போம்மா. சாமுண்டி கோயிலுக்குள்ள போறாளான்னு மட்டும் ஒரு அஞ்சு நாள் பாத்துட்டு வந்து சொல்லு," என்றார்.

அம்மா ஒன்றும் கேட்காமல் என்னையும் கூட்டிப்போனாள். மலைப்படிகளில் பாதி ஏறியதும் பக்கவாட்டில் புதர்க்காட்டுக்குள் இறங்கினாள். பூ விற்கிறவள் பதறிப்போய், "அல்லி ஹோகபேடி அம்மா, சிரதெ இதெ!" என்று கன்னடத்தில் கத்தித் தடுத்தாள். சிறுத்தை திரியும் காடு அது. அம்மா காதில் வாங்கவில்லை. பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பறவைச் சத்தமும் நின்றுபோயிருந்தது. நாங்கள் நடந்தால் கூடவே எதுவோ நடந்தது, நின்றால் அதுவும் நின்றது. மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கி, பயத்தில் பாதி மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒரு பாறைமேல் ஒரு குரங்கு தனியாக உட்கார்ந்திருந்தது. மடியில் கறுத்துச் சுருங்கிப்போன ஒரு குட்டிக் குரங்குப் பொம்மை. யாரோ தவறவிட்டது, மழையில் அழுகிவிட்டது என்று நினைத்தேன். குரங்கு அதற்குப் பொறுமையாகப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று திரும்பியபோது நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அம்மா மூக்கைப் பொத்தவில்லை. எட்டடி தள்ளி, அதைப் போலவே காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"கிட்ட போவாத. பிடுங்கிக்குவோமோன்னு பயப்படுவா," என்றாள்.

குரங்கு அம்மாவைப் பார்த்தது, அம்மா குரங்கைப் பார்த்தாள். இரண்டு முகமும் ஒன்றுபோலவே இருந்தன. சிறுத்தையைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவை இந்தக் காட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்குமோ என்று அழுகை வந்தது. பனி விலகியதும் கீழே மைசூர் முழுதும் தெரிந்தது. நம் வீடு எங்கே என்று கேட்டேன்.

"இங்கருந்து தெரியாது. அதுக்குத்தான் இங்க வர்றேன்."

நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் குரங்கு அந்தப் பொம்மையைப் பாறையில் வைத்துவிட்டு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. மரங்களிலிருந்து அதன் கூட்டம் கூப்பிட்டபடி இருந்தது. கடைசியாக ஒருதரம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் போய்விட்டது. அம்மா காடே கேட்கும்படி ஓலமிட்டு அழுதாள். பிறகு தழை ஒடித்துவந்து அந்தப் பொம்மைக்குப் போர்த்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுடி," என்றாள். அடிவாரத்துக் கடையில் இரண்டு மசால்தோசை சாப்பிட்டாள்.

அப்பா வாசற்படியில் காத்திருந்தார். அம்மா கோயில் பக்கமே போகவில்லை என்று ஜம்பமாகச் சொன்னேன். அழுகின பொம்மையை விட மனமில்லாமல் ஒரு குரங்கு தூக்கிக்கொண்டே திரிந்தது, இன்றைக்குத்தான் கீழே வைத்தது, அம்மா அதற்குத் தழை போர்த்தினாள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பா படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எல்லாம் சந்தோஷம்தான் என்று நினைத்து, நல்ல சேதி கொண்டுவந்தவளின் பெருமையோடு அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதீங்கப்பா. அம்மா இன்னும் நம்ம சாமி பக்கம்தான்," என்றேன்.