மரகதம் குடிக்காத தேத்தண்ணீர்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். என் அக்காவின் மகள் மரகதம் எனக்கு முன்னால் போய்விடுவாள் என்று சொன்னேன். அவளைப் புதைக்க ஒரு துண்டு மண் கேட்டு ஊரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும் என்றும் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. போன மாதம் வயலில் தண்ணீர் மறித்துக்கொண்டு நின்றபோது அவளுடைய மகள் தர்சினியின் அழைப்பு வந்தது. "தாத்தா, அம்மா போயிட்டா." சீனி வருத்தம், நீரிழிவு, அவளை ஐந்து வருடமாகத் தின்றுகொண்டிருந்தது. மண்வெட்டியை வரம்பில் எறிந்துவிட்டு வீதிக்கு ஓடினேன். ஒட்டுசுட்டான் பஸ் தானாக நின்றது. என்னைக் கண்டு நிறுத்தாத சாரதி இந்தப் பாதையில் கிடையாது.

அவளை அறிந்தவர்கள்தான் இதை வாசிக்கிறீர்கள். ஆனால் அவளை நீங்கள் அறிந்த விதத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. "ஹொங்கொங்கில வேதம் மாறினவள்", "செத்த ஆக்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறவள்." இவ்வளவுதானே உங்களுக்குத் தெரியும்? மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களை அடித்துத் துரத்தியபோது அவள் என் அக்காவின் இடுப்பில் இருந்த பிள்ளை. இந்த வன்னிக் காட்டில் கச்சான் கடலை பிடுங்கி வளர்ந்தாள். புருஷன் விட்டுப்போன பிறகு ஹொங்கொங்குக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை லீவில் மோர்மன் சபைக்குப் போகத் தொடங்கி, அதிலேயே சேர்ந்தாள். அந்த நகரத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் இடம் அதுதான் என்றாள். ஊர் சொன்னது போல அரிசிக்கும் மாவுக்கும் அவள் மாறவில்லை.

அந்தச் சபைக்காரர் தங்கள் வம்சத்தின் பெயர்களைத் தேடித் தேடிப் பதிவார்கள். செத்தவர்களின் பெயரில் கோயிலுக்குள் தண்ணீரில் முழுகி எழும்புவார்கள். மரகதம் என் ஆத்தாவுக்காக அப்படி முழுகினாள் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. "என்ர தாயை என்னைக் கேக்காமல் ஏன் புள்ள மாத்தினாய்?" என்று சத்தம் போட்டேன். அவள் சிரித்தாள். "கதவைத் திறந்துவிட்டிருக்கிறன் மாமா. வாறதும் வராததும் ஆத்தான்ர விருப்பம். உங்களை மாதிரி அவாவையும் ஒருத்தரும் கட்டாயப்படுத்தேலாது." என்னையே வாயடைக்க வைத்தவள் அவள் ஒருத்திதான். கிளிநொச்சிக் கச்சேரி அலுவலகத்தில் ஐந்து பெரிய உத்தியோகத்தரை ஒரே மூச்சில் பேசி மடக்கியவன் நான்.

எங்கள் வம்சத்தை அவள் என்னிடம்தான் கேட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் ஏழு தலைமுறை எனக்கு மனப்பாடம். நான் சொல்லச் சொல்ல, "இது வேற ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். இரண்டாவது வாய் சொன்னால்தான் பதிவாள். இல்லாவிட்டால் வெறுமையாக விட்டுவிடுவாள். "செத்தவைக்கு மறுத்துப் பேச வாய் இல்லை மாமா. அவையின்ர பேரில பொய் சொல்லப்படாது" என்பாள். அவளால் கடைசிவரை நிரப்ப முடியாமல் போன இடம் ஒன்று உண்டு. அது நெடுநாள் அவளை உறுத்தியது.

அவள் திரும்பி வந்த வருடம், எங்கள் மயானக் குழுத் தலைவர் நல்லதம்பி மாஸ்டர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். தேத்தண்ணீர் வந்தது. மரகதம் சுடுதண்ணீர் கேட்டாள். மாஸ்டரின் மனைவிக்கு முகம் கறுத்தது.

"எங்கட வீட்டில வாய் நனைக்க மாட்டியளோ?"

"எங்கயும் குடிக்கிறதில்லை அக்கா. என்ர சபையில தேயிலையும் கோப்பியும் விலக்கு."

"தேயிலை கிள்ளின ஆக்களுக்குத் தேயிலை விலக்கோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"நாலு தலைமுறை கிள்ளிக் குடுத்தம்தானே. நீங்கள் குடியுங்கோ" என்றாள் மரகதம்.

இதே வீட்டில் என் அக்கா அருவி வெட்ட, நெல் அறுவடைக்கு வந்த நாட்களில், குசினிக்குப் பின்னால் குந்தவைத்துச் சிரட்டையில் தேத்தண்ணீர் ஊற்றினார்கள். அன்று குடிக்கத் தந்த விதம் அவர்களுக்கு அவமானமாகத் தெரியவில்லை. இன்று குடிக்காதது அவமானமாகிவிட்டது!

அந்தக் கணக்கைத்தான் மாஸ்டர் மயான வாசலில் தீர்க்க வந்தார். தாய்க்குப் பக்கத்தில், பாலை மரத்தடியில் புதைக்க வேண்டும் என்று மரகதம் கேட்டிருந்தாள். கொழும்பிலிருந்து அவளுடைய சபையார் மூன்று பேர் வந்து, அவளுக்கு வெள்ளை உடுத்திப் பெட்டியில் வைத்தார்கள். நாங்கள் தூக்கிக்கொண்டு போனால், வாசலில் மாஸ்டர் நிற்கிறார்.

"வேலு, கோவிக்காதையும். இது சைவ மயானம். உம்மட மருமகளை வேதக்காரற்ற இடத்துக்குக் கொண்டுபோம்."

வேதக்காரர், அதுதான் ஊர்க் கிறிஸ்தவர்கள், காலையிலேயே கைவிரித்துவிட்டார்கள். அவா எங்கட சபை இல்லையாம். வெயில் ஏறியது. பெட்டி தோளில். தர்சினி என் கையைப் பிடித்தாள். "தாத்தா, அம்மம்மாவுக்குப் பக்கத்தில எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது.

"மாஸ்டர், இந்தக் காட்டை வெட்டினது ஆர்? என்ர தாத்தா கறுப்பையா! உங்கட ஆக்கள் காணி பிரிச்சு வர முந்தியே, மலையில இருந்து தனிய வந்த மனுசன். இந்தப் பாலைக்குக் கீழ முதல் குழி வெட்டினதும் அவர்தான், முதல் படுத்ததும் அவர்தான். அவற்ற பூட்டப்பிள்ளைக்கு இடமில்லையோ?"

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

"அமெரிக்காவில ஒரு மலையைக் குடைஞ்சு, இரும்புக் கதவு போட்டு, உலகத்தில செத்த சனத்தின்ர பேரெல்லாம் வச்சிருக்கினம். மரகதம் பதிஞ்சது அங்க கிடக்கு. இந்தத் தம்பியைக் கேளுங்கோ!"

கொழும்பிலிருந்து வந்த சபைத் தம்பிக்குத் தமிழ் தெரியாது. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு மரியாதையாகத் தலையாட்டினார். மாஸ்டர் அந்தத் தம்பியின் கழுத்துப்பட்டியைப் பார்த்தார், வானைப் பார்த்தார், பிறகு வாசலை விட்டு விலகினார். "சரி, ஓரமாப் புதையுங்கோ."

ஓரமாக! என் அக்காவும் அந்த ஓரத்தில், பாலையடியில்தான் கிடக்கிறாள். எங்களுக்கு எங்கேயும் ஓரம்தான் கிடைத்திருக்கிறது. அன்று கிடைத்த ஓரத்தை நான் சத்தம்போட்டு வாங்கினேன்.

எட்டாம் நாள் மாஸ்டர் துக்கம் விசாரிக்க வந்தார். தர்சினி மல்லித்தண்ணீர் கொடுத்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுப் போனார். நானும் இப்போது தேத்தண்ணீரைத் தொடுவதில்லை. அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். பொய் சொல்லாமல் இருப்பதை மட்டும் அவளால் எனக்குப் பழக்க முடியவில்லை.

என் தாத்தா இந்தக் காட்டை வெட்டவில்லை. அவர் வன்னியைக் கண்டதேயில்லை. மலையில் ஏதோ ஒரு தேயிலைச் செடிக்கு அடியில் கிடக்கிறார். எந்தச் செடி என்று ஒருவருக்கும் தெரியாது. மரகதம் வெறுமையாக விட்ட இடம் அவருடையதுதான். கறுப்பையா என்ற பெயர், மயான வாசலில் நான் வைத்தது.